ஓரத்து ஜூரி கேட்ட கேள்வி

பென்னலூரில் போய் அம்சவல்லி வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். கோர்ட்டம்மா வீடு என்று கேளுங்கள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டர் கை காட்டுவார். அவள் வக்கீலும் இல்லை, வக்கீல் குமாஸ்தாவும் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறினாள். அரைமணி நேரம் நின்றிருப்பாள், அவ்வளவுதான். அந்த அரைமணி நேரத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஊரை ஆட்டிவைத்தாள்.

எண்பதுகளில் தொழிற்சாலைக்கு நிலம் அளக்க ஆபீசர்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோது, மீசை வைத்த ஆம்பிளைகள் எல்லாம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். "நீ போய்க் கேளு கோர்ட்டம்மா" என்று அவளை முன்னால் தள்ளினார்கள். அவளும் போய்க் கேட்டாள். ஜட்ஜையே பார்த்தவளுக்கு ஜீப் எந்த மூலைக்கு?

ஆனால் அன்றைக்குக் கூண்டு ஏறும்போது அவள் கால் நடுங்கியது. அதை அவளே சொல்வாள். நடுங்கியதற்குக் காரணம் ஜட்ஜு இல்லை.

அம்சவல்லி பிறந்த ஊர் பிள்ளைப்பாக்கம். பென்னலூர் நாகப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஏரிக்கரை மேலேயே நடந்தால் இரண்டு ஊருக்கும் பெரிய தூரமில்லை. அவளுக்கு வாய் நீளம், அவனுக்கு வாய் இருக்கிறதா என்றே சந்தேகம். ஏர் பிடித்தால் மாட்டோடுகூடப் பேசமாட்டான். "இந்தாளுக்குப் பேசறதுக்கும் சேத்து ஆண்டவன் எனக்கே குட்த்துட்டான்" என்பாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடின, குழந்தை மட்டும் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? நாகப்பன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் திரௌபதியம்மன் கோயிலுக்குப் போய், குழந்தை பிறந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த பாரதக் கூத்து வருவதற்குள் அம்சவல்லி முழுகாமல் இருந்தாள்.

இங்கேதான் அம்மன் ஒரு விளையாட்டு விளையாடினாள். பிரசவத்துக்காக அம்சவல்லி பிள்ளைப்பாக்கத்தில் அண்ணன் பலராமன் வீட்டில் இருந்தாள். பென்னலூரில் பங்குனித் திருவிழா தொடங்கி, தீ மிதிக்கிறவர்களுக்கு மஞ்சள் துணி கொடுத்து, கையில் காப்பு கட்டியாகிவிட்டது. நாகப்பனுக்கும் கட்டியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

காப்பு கட்டினவர்களுக்கு அந்தப் பக்கத்தில் என்ன கட்டுப்பாடு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீ மிதித்துக் காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வீட்டில் படுக்கக்கூடாது, கோயிலில்தான் படுக்கை. பெண்டாட்டியைப் பார்க்கக்கூடாது. சாவுத் தீட்டும் பிள்ளைத் தீட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒருத்தன் தவறினாலும் அவனுக்கு மட்டுமில்லை, தீயில் இறங்குகிற அத்தனை பேருக்கும், ஊருக்கும், ஊர் மாட்டுக்கும் ஆகாது. எந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டானோ அந்தக் குழந்தையைப் பார்க்க அந்த வேண்டுதலே குறுக்கே நின்றது.

நாகப்பன் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நாலாம் நாள் ராத்திரி கோயிலில் கூத்து நடந்துகொண்டிருந்தபோது எழுந்து ஏரிக்கரை மேல் நடந்தான். பலராமன் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில் நின்று மெல்லக் கூப்பிட்டான். அம்சவல்லி குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த வழியே போனான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதே ராத்திரி, அதே பிள்ளைப்பாக்கத்தின் மறுகோடியில், கோதண்டம் என்கிற வசதிக்காரர் வீட்டில் கொள்ளை. முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆறு பேர் புகுந்து, அவரைத் தூணில் கட்டி, மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு, நகைநட்டை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அந்த ஆறு பேர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கோதண்டம் நல்ல மனிதர், பொய் சொல்கிறவர் இல்லை. ஒருத்தன் நெட்டையாக இருந்தான், மஞ்சள் வேட்டி கட்டியிருந்தான் என்று போலீஸிடம் சொன்னார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எந்த அழுக்கு வேட்டிதான் மஞ்சளாகத் தெரியாது? ஆனால் மண்டையில் அடிபட்டவரிடம் அதை யார் கேட்பது?

வண்டிக்காரச் சுப்பன், ராத்திரி ஏரிக்கரையில் பென்னலூர் நாகப்பனை மஞ்சள் வேட்டியோடு பார்த்தேன் என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. போலீஸ் பென்னலூருக்கு வந்து நாகப்பனைக் கேட்டது. ராத்திரி எங்கேயடா இருந்தாய்?

"கோயில்லதாங்க இருந்தேன். எங்கியும் போவல."

ஊரே சுற்றி நிற்கிறது, கையில் காப்பு இருக்கிறது. அவன் வேறு என்ன சொல்வான்? அது ஒன்றுதான் அவன் சொன்ன பொய். கோயில் தர்மகர்த்தா தணிகாசலம் பக்கத்திலேயே நின்றிருந்தார். கண்டிப்பான ஆள், அவரே வருஷா வருஷம் முதலில் தீயில் இறங்குகிறவர். "இல்லீங்க. இவன் நடுவுல காணாம பூட்டான். நானே தேடுனேன்" என்று உள்ளதைச் சொன்னார். தீமிதிக்கு முந்தின நாள், காப்புக் கட்டிய கையில் விலங்கு மாட்டி, நாகப்பனை ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தீமிதி அவன் இல்லாமலே நடந்தது. திருவிழா முடிந்த கொஞ்ச நாளில் ஊர் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. நாலைந்து நல்ல மாடுகள் போயின. காப்போடு திருடப் போன பாவிதான் காரணம் என்று ஊர் பேசியது. தணிகாசலத்தின் ஜோடி மாட்டில் ஒன்றும் போயிற்று.

அம்சவல்லி செங்கல்பட்டு சப்ஜெயிலுக்குக் குழந்தையோடு போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நாகப்பன் தாடியும் மீசையுமாக நின்றான். கையில் காப்பு அப்படியே இருந்தது. தீ மிதிக்காமல் எப்படி அவிழ்ப்பது?

"மாமா, நீ எங்கிட்டதான வந்த. நான் போய் சொல்றேன். இப்பவே சொல்றேன்."

"சொல்லக்கூடாது" என்றான். அதற்கப்புறம் அவன் பேசியதுதான் அவன் ஆயுளில் பேசிய நீளமான பேச்சு. "திருடன்னா அது எனக்கு மட்டும்தான். உள்ள போய்ட்டு வந்துருவேன். பிள்ளைத் தீட்டத் தொட்டுட்டு வந்து கோயில்ல படுத்தான்னு தெரிஞ்சா இன்னா ஆவும்? செத்த மாட்டுக்கெல்லாம் நம்ம கொழந்தைதான் காரணம்பானுங்க. பொறந்ததே ஊரக் கெடுக்கன்னுவானுங்க. அத்த ஒருத்தன் தொட மாட்டான். வளந்தா ஒருத்தன் கட்ட மாட்டான். அது தலையில கைய வெச்சி சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டன்னு."

வாயாடி அம்சவல்லி, குழந்தையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். ஊருக்குத் திரும்பியதும் வாயைத் தைத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்தே ஊர், திருட்டு நிஜந்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டியது.

ஆவணியில் வழக்கு வந்தது. அந்தக் காலத்தில் கொள்ளை வழக்கு என்றால் செங்கல்பட்டில் ஜூரி உண்டு. ஜட்ஜு மேடையில் தனியாக உட்கார்ந்திருப்பார். குற்றவாளியா இல்லையா என்று சொல்வது அவர் இல்லை, பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஐந்து பேர். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் இல்லை, சாதாரண ஜனங்கள். ஒரு பெட்டியில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "இவர் மேல் ஆட்சேபணை உண்டா?" என்று கூண்டில் நின்ற நாகப்பனைக் கேட்டார்கள். அவன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினான். மூன்றாவதாக எழுந்து வந்தவரைப் பார்த்ததும் பின் பெஞ்சிலிருந்த பலராமன் ஓடிப்போய் நாகப்பனுக்காக வைத்திருந்த வக்கீலின் காதைக் கடித்தான். எழுந்து வந்தவர் கோதண்டத்துக்குச் சம்பந்தி. வக்கீல் வரதராஜுலு ஆட்சேபித்தார், ஜட்ஜு அவரைக் கேட்டார், அவரும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சீட்டை எடுத்தார்கள்.

அந்தச் சீட்டில் வந்தவர் உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி. காதில் கடுக்கன், தோளில் துண்டு, பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு நெல் மண்டிக்காரர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பழைய வாத்தியார், காஞ்சிபுரத்துப் பட்டு நூல் வியாபாரி, மதுராந்தகத்தில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருத்தர். அவர்களுக்குள்ளேயே பேசி வாத்தியாரைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள்.

அம்சவல்லி அந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். 'நம்மூர்ச் சந்தையில் பார்க்கிற மூஞ்சிகள் மாதிரியே இருக்கிறதே, இவர்களா என் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள்?' என்று நினைத்தாள். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இவர்கள் ஊரிலும் திரௌபதியம்மன் இருப்பாள். இவர்களுக்கும் காப்பு தெரியும், தீட்டு தெரியும்.

அன்று முழுக்கச் சாட்சி. கோதண்டம் மஞ்சள் வேட்டி என்றார். எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று வரதராஜுலு கேட்டதும் தடுமாறினார். சுப்பன், ஏரிக்கரையில் பார்த்தேன், கையில் மூட்டை ஒன்றும் இல்லை என்றான். அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் தணிகாசலம் ஏறினார். "காப்பு கட்டினவன் கோயில்ல இல்ல. போலீஸ் கேக்கறப்ப இருந்தேன்னு பொய் சொன்னான்" என்றார்.

சர்க்கார் வக்கீல் ஜூரி பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திருடப் போகவில்லை என்றால் ஏன் பொய் சொல்ல வேண்டும்?" ஐந்து பேரும் நாகப்பனைப் பார்த்தார்கள். அவன் காப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் வேப்ப மரத்தடியில் வரதராஜுலு தலையைச் சொறிந்தார். காஞ்சிபுரத்துக்காரர், கெட்டிக்காரர். "விளக்கு வெளிச்சத்தை உடைத்தாச்சு. மூட்டை இல்லை என்பதையும் சொல்லியாச்சு. அந்த ஒரு பொய்க்குத்தான் என்னிடம் பதிலே இல்லை. உன் புருஷன் என்னிடமே வாய் திறக்க மாட்டேன் என்கிறான். ஏழு வருஷம், பத்து வருஷம் என்று போட்டுவிடுவார்கள் அம்மா."

அன்றைக்குச் சத்திரத்தில் அவள் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பாஞ்சாலி என்று பெயர் வைத்திருந்தாள், அம்மன் பெயர்தான். பத்து வருஷம் கழித்து அப்பன் வந்தால் இவள் தாவணி போடுகிற வயசில் யாரோ ஒரு தாடிக்காரனைப் பார்த்து ஓடி ஒளிவாள். சொல்லிவிட்டால் ஊரே இவளைப் பார்த்து ஒதுங்கும். சத்தியத்தை மீறினால் இவளுக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. இந்தப் பக்கமும் பிள்ளை, அந்தப் பக்கமும் பிள்ளை. அழுது தீர்த்துவிட்டு, விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான் ஏறி சொல்றேன் சாமி. எனக்குத் தெரியும் அவுரு எங்க போனாருன்னு."

அவள் சொன்னது முழுவதையும் வரதராஜுலு கேட்டுக்கொண்டார். "பெண்டாட்டி சாட்சி எடுபடுவது கஷ்டம். அதுவும் இத்தனை நாள் கழித்து" என்றார். பிறகு, "ஏறு. எதையும் மறைக்காதே" என்றார்.

கூண்டில் ஏறியதும் அவள் கால் நடுங்கியதாகச் சொன்னேனே, அது இப்போது. எதிரில் நாகப்பன். அவளைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பின் பெஞ்சில் தணிகாசலமும் ஊர்க்காரர்கள் நாலு பேரும். சுவரோரமாகப் பலராமன் பெண்டாட்டி சரோஜா பாஞ்சாலியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்சவல்லி சத்தியப் பிரமாணம் எடுத்தாள். ஒரு சத்தியத்தை மீற இன்னொரு சத்தியம். பிறகு சொன்னாள். மாட்டுக் கொட்டகை, குழந்தை, வந்தது, போனது, எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் சலசலப்பு. தணிகாசலம் எழுந்தே விட்டார். சேவகன் அதட்டி உட்காரவைத்தான்.

சர்க்கார் வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார். "அஞ்சு மாசமா ஏம்மா இதைச் சொல்லலே?"

"சொன்னா எங்கூர்ல எங்கொழந்தைய யாரும் தொட மாட்டாங்கய்யா."

"இப்ப மட்டும் தொடுவாங்களா?"

"மாட்டாங்க. யாரும் தொட வாணாம். அவங்கப்பன் தொட்டாப் போதும்."

சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவள் இறங்கப் போனாள். அப்போது பெஞ்சின் ஓரத்தில் இருந்த உத்திரமேரூர்க்காரர் எழுந்து கைகூப்பி, ஒரு கேள்வி கேட்கலாமா என்று ஜட்ஜைக் கேட்டார். ஜூரிக்கு அந்த உரிமை உண்டு. ஜட்ஜு தலையசைத்தார்.

"ஏம்மா, பாத்துட்டு மட்டும் போனாரா? கொழந்தையத் தொட்டாரா?"

ஜட்ஜு மங்களூர்ப் பக்கத்து மனிதர். தமிழ் புரியும், கேள்வி புரியவில்லை. "இதற்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"எங்களுக்கு வேணுங்க" என்றார் உத்திரமேரூர்க்காரர். மற்ற நாலு பேரும் அம்சவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்ட நின்று பார்த்தார் என்று சொல்லிவிட்டால் பாதிப் பழி போகும். ஊரில் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். தணிகாசலம் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். அம்சவல்லி சரோஜா இடுப்பிலிருந்த பாஞ்சாலியைப் பார்த்தாள்.

"தொட்டாரு. வாங்கி மடியில வெச்சிக்கினாரு."

"தீட்டு கழிஞ்சிடுச்சா அப்ப?"

"இல்லீங்க. நாலாம் நாளு."

"காப்பு கையில இருந்துதா?"

"இருந்துது. இப்பவும் கீது, பாருங்க."

ஐந்து தலைகளும் கூண்டுப் பக்கம் திரும்பின. நாகப்பன் அழுதுகொண்டிருந்தான். கண்ணைத் துடைக்கத் தூக்கின கையில், நிறம் போன காப்புக் கயிறு மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. உத்திரமேரூர்க்காரர், "அவ்ளோதாங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஜட்ஜு ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். சட்டம் என்னவென்று நான் சொல்கிறேன், அதை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நடந்தது என்னவென்று நீங்கள் சொல்ல வேண்டும், அதில் என் அபிப்பிராயத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அது கூண்டில் நிற்கிறவனுக்குச் சேர வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, மனைவி புருஷனைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள், அவள் இத்தனை மாதம் பேசாமல் இருந்திருக்கிறாள், இரண்டையும் மறக்க வேண்டாம் என்றார்.

ஐந்து பேரும் ஒரு அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். யாரும் உள்ளே போய்ப் பேசக்கூடாது என்று சேவகன் வாசலில் நின்றுகொண்டான். உள்ளே என்ன பேசினார்கள் என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. வெளியே தாழ்வாரத்தில் அம்சவல்லி பாஞ்சாலிக்குப் பால் கொடுத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்திருந்தாள். ஊர்க்காரர்கள் தள்ளிப்போய் நின்றார்கள். இப்போதே ஒதுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வரதராஜுலு பக்கத்தில் வந்து நின்றார். "அந்த ஓரத்து ஆள் ஏன் கேட்டார் தெரியுமா?"

"தெரியில சாமி. ஆவாத கேள்வி."

"புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றவள், சின்னப் பொய்யா சொல்லுவாள். எட்ட நின்னு பார்த்தார்னு சொல்லுவாள். இந்தச் சீமையிலே எந்தப் பொம்பளையும் தன் குழந்தை தலையிலே தானே இப்படியொரு பழியைப் போட மாட்டாள், அது நிஜமா நடந்திருந்தால் தவிர. ஜட்ஜுக்கு அது தெரியாது. அந்த அஞ்சு பேருக்கும் தெரியும்" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

கதவு திறந்தது. ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் மட்டும் எழுந்தார்.

"குற்றவாளி இல்லை."

"எல்லாரும் ஒரே அபிப்பிராயமா?"

"நாலு பேர் இல்லை என்கிறோம். ஒருத்தர் ஆமாம் என்கிறார்."

அந்த ஒருத்தர் யாரோ, நன்றாக இருக்கட்டும். ஜட்ஜுக்குச் சம்மதமில்லை என்றால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஹைகோர்ட்டுக்கு எழுத அதிகாரம் உண்டு. வரதராஜுலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜட்ஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜூரி பெஞ்சைப் பார்த்தார், கூண்டில் அந்தக் காப்பைப் பார்த்தார். "பெரும்பான்மையோர் முடிவை ஏற்கிறேன். எதிரி நாகப்பனை விடுதலை செய்கிறேன்" என்றார்.

அம்சவல்லி போட்ட கூச்சலில் சேவகன் கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டான். அவள் குலவையே போட்டாள். செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் குலவைச் சத்தம் கேட்டது அதுதான் முதலும் கடைசியுமாக இருக்கும். அதட்ட வேண்டிய ஜட்ஜு, எழுந்து உள்ளே போய்விட்டார். நாகப்பன் கூண்டிலிருந்து இறங்கி வந்து, சரோஜா இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய நாகப்பன் ஆகிவிட்டான்.

வெளியே வேப்ப மரத்தடியில் தணிகாசலம் வழியை மறித்தார். "கோர்ட்டு வுட்டுச்சி. அம்மன் வுடுவாளா? எம் மாடு போச்சே, அதுக்கு இன்னா சொல்ற? ஊரே நாசமாப் போவப் பாத்துதே!"

ஐந்து மாதம் தைத்துவைத்திருந்த வாய் அது. சும்மா இருக்குமா?

"பெரியவரே, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இவுரு கொழந்தையத் தொட்டுட்டு வந்து கோயில்ல உங்ககூடத்தான் படுத்தாரு. அப்புறந்தான நீங்கல்லாம் தீயில எறங்கினீங்க? நீதான மொதல்ல எறங்கின?"

"ஆமா."

"உங்கால்ல ஒரு கொப்புளம் வந்துதா?"

தணிகாசலம் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு கால்லனா வந்துதா? சொல்லு. அம்மனுக்குக் கோவம்னா உங்காலத்தான சுட்டிருப்பா, மாட்டு வாயில எதுக்குப் புண்ணு வெக்கறா? கோமாரி ஒரகடத்துலயும்தான் வந்துது. அங்க எவன் காப்ப மீறினான்?"

கூட வந்திருந்த ஊர்க்காரர்களில் ஒருத்தன் சட்டென்று சிரித்துவிட்டான். அந்த வருஷம் ஒருத்தர் காலிலும் ஒரு கொப்புளம் இல்லை, அதைச் சொல்லி ஊரே பெருமையடித்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஊருக்கு வந்தால் புதுச் சிக்கல். கையில் காப்பு இருக்கிறது, காப்பு இருக்கிறவன் வீட்டில் படுக்கக்கூடாது. அடுத்த பங்குனிவரைக்கும் நாகப்பன் கோயில் மண்டபத்தில்தான் படுக்க வேண்டும் என்று சில பெரிய மனிதர்கள் யோசனை சொன்னார்கள். அம்சவல்லி கோயில் வாசலில் நின்று, "ஜெயில்ல இருந்து இட்டாந்தது மண்டபத்துல படுக்க வெக்கறதுக்கா? இந்த வாரமே குழி வெட்டுங்க. அவுருகூட நானும் காப்பு கட்டிக்கினு எறங்கறேன்" என்றாள்.

நீ எதுக்கு என்றார்கள்.

"கொழந்தை தலையில கைய வெச்சி சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன். கோர்ட்டுல எனக்குத் தீர்ப்பு சொல்லல. இங்க சொல்லட்டும்."

பருவமில்லாத காலத்தில், ஐப்பசி மழைக்கு முன்னால், பென்னலூரில் தீக்குழி வெட்டினார்கள். கூத்து இல்லை, கொடியேற்றம் இல்லை, இரண்டே பேருக்காகக் குழி. திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைவிட அதிகமான கூட்டம். பிள்ளைப்பாக்கமே திரண்டு வந்தது. மண்டைக் காயம் ஆறின கோதண்டமும் வந்து ஓரமாக நின்றார். வண்டிக்காரச் சுப்பன் விறகு ஏற்றிக்கொண்டு வந்து கொட்டினான், கேட்காமலே.

நாகப்பன் முதலில் இறங்கினான். ஏரிக்கரையில் நடக்கிற மாதிரி நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான்.

அம்சவல்லி மஞ்சள் புடவையில் குழியின் இந்தக் கரையில் நின்றாள். பாஞ்சாலி கையில் இருந்தாள். சரோஜா குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். அம்சவல்லி அவளிடம் கொடுக்கவில்லை. நேரே தணிகாசலத்திடம் போனாள். தர்மகர்த்தா வேப்பிலையும் கையுமாக, நெற்றி நிறைய மஞ்சளோடு நின்றிருந்தார்.

"புடி" என்று குழந்தையை நீட்டினாள்.

பம்பை அடிப்பவன் நிறுத்திவிட்டான். தணிகாசலம் வேப்பிலையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். நெருப்பு சுடாத கால். குழந்தை அவருடைய மீசையைப் பார்த்துக் கையை ஆட்டியது. வேப்பிலையைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

அம்சவல்லி திரும்பிப் பார்க்காமல் தீயில் இறங்கினாள். ஓடவில்லை. நடந்தாள். அந்தக் கரையில் நாகப்பன் அவள் கையைப் பிடித்துக் கரையேற்றி, அவள் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். பூப் போல இருந்தது. பம்பை அதிர்ந்தது, பென்னலூரும் பிள்ளைப்பாக்கமும் போட்ட குலவை ஸ்ரீபெரும்புதூர்வரைக்கும் கேட்டது என்பார்கள்.

அம்சவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு குழிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தக் கதையை முப்பது வருஷமாக எத்தனை பேருக்குச் சொன்னாலும் அவள் நிறுத்துகிற இடம் இதுதான். கேட்கிறவர்கள் விடமாட்டார்கள். "தணிகாசலம் இன்னா பண்ணாரு? கொழந்தையத் தொட்டாரா?" என்று கேட்பார்கள்.

கோர்ட்டம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள்.

"தொட்டாரு. வாங்கி மடியில வெச்சிக்கினாரு."